ஆட்டீன் நாலு

தேவனாம்பட்டினம் கடற்கரை. சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே அக்கா மகன் போனை நீட்டினான்.

"மாமா, எதைத் தூக்கிப் போடட்டும்?"

ஐந்து சீட்டு டிரா போக்கர்: வேண்டாத சீட்டுகளை ஒரு முறை மாற்றிக்கொள்ளும் ஆட்டம். இலவச காயின்தான், காசு இல்லை. காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025-இல் மத்தியச் சட்டமே தடை போட்டுவிட்டதே.

கையில் ஆட்டீன், அதாவது இதயச் சீட்டு, நாலு. அதில் ஒன்று எட்டு. ஐந்தாவது சீட்டு இஸ்பேடு எட்டு.

"ஜோடியை வைத்துக்கொள், மூன்றை மாற்று" என்றேன். ஐந்தும் ஒரே இனமானால் ஃப்ளஷ், ஜோடியைவிடப் பெரிய கை. ஆனால் மீதி 47 சீட்டில் ஆட்டீன் 9தான். ஐந்து முறை இழுத்தால் சராசரியாக ஒரு முறைதான் வரும்.

கேட்டானா? இஸ்பேடு எட்டைப் போட்டான். வந்தது கிளாவர் இரண்டு.

எதிராளி ஒரு சீட்டுகூட மாற்றவில்லை.

முகம் தெரியாத ஆட்டத்தில் அதுதான் பெரிய துப்பு. ஒன்றும் மாற்றாதவன் கையில் ஸ்ட்ரெய்ட்டோ (வரிசையாக ஐந்து சீட்டு) ஃப்ளஷ்ஷோ அதைவிடப் பெரியதோ இருக்கும். இல்லையென்றால் புளுகுகிறான்.

எங்கள் தாத்தா திண்ணையில் ரம்மி ஆடுவார். ஜோக்கர் வந்துவிட்டால் வெற்றிலை மெல்லுவது நின்றுவிடும். தெருவுக்கே தெரியும், அவருக்குத்தான் தெரியாது.

சீட்டு மாற்றியபின் வந்த பந்தயச் சுற்றில் பையன் மொத்தக் காயினையும் வைத்தான், ஃப்ளஷ் அடித்தவன் மாதிரி. எதிராளி சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிவிட்டான்!

அப்புறம் பையன் என் சுண்டலையும் எடுத்துக்கொண்டான்.