ஒரே இலையில் இரண்டு பேர்: திருமண நாளுக்கு ஒரு பிலிப்பினோ மதியச் சாப்பாடு

கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் குமரி மாவட்டக் கடற்கரையில் எந்த ஊரிலும் உண்டு. அவர்களில் பலர் பிலிப்பினோக்களோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டுப் பழகியவர்கள். லீவில் ஊருக்கு வந்திருக்கும்போது திருமண நாளும் வந்தால், "அடோபோ நம்ம வீட்ல வைக்க முடியுமா?" என்று, காடியும் (வினிகர்) சோயா சாஸும் ஊற்றி வைக்கிற அவர்களுடைய கோழிக் குழம்பைப் பற்றிப் பேச்சு எழும். முடியும். மார்த்தாண்டம், களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் இருக்கிறவர்களுக்குச் சென்னைக்காரர்களைவிட நன்றாகவே வரும். தென்னை, கள்ளுக் காடி, காந்தாரி மிளகாய், புளிச்சிக்காய், கணவாய் மீன் என்று அந்தச் சமையலுக்கு வேண்டியதில் முக்கால்வாசி இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பிலிப்பைன்ஸில் இப்படிப்பட்ட நாளுக்குச் சாப்பாட்டோடு இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். மணிலாக்காரர்கள் டகாய்டாய் மலைமுகட்டுக்குப் போவார்கள். கீழே ஏரி, ஏரிக்குள் டால் எரிமலை, மேஜையில் மாட்டுக்கால் எலும்பு மஜ்ஜையோடு கொதிக்கிற புலாலோ சூப். போஹோல் தீவில் லோபோக் ஆற்றில் மிதக்கும் படகிலேயே மதியச் சாப்பாடு. கேசோன் பக்கம் வில்லா எஸ்குடெரோ என்ற தென்னந்தோட்டத்தில் ஓடும் தண்ணீருக்குள் மூங்கில் மேஜை போட்டிருப்பார்கள். கணுக்கால் நனைய உட்கார்ந்து கையால் சாப்பிடலாம். பின்னால் விழுகிற தண்ணீர் இயற்கை அருவி இல்லை, அணையின் வழிந்தோடி. லோபோக் ஆற்றின் இரு கரைத் தென்னைகளைப் பார்த்தால் குழித்துறை ஆறுதான் ஞாபகம் வரும்.

கையால் சாப்பிடுவதற்கு அங்கே 'கமாயன்' என்று பெயர். 'கமாய்' என்றால் கை. வாழை இலையை மேஜை நீளத்துக்கு விரித்து, நடுவில் சோற்றை வரப்பு மாதிரி நீளமாகக் குவித்து, இரண்டு பக்கமும் பொரித்தது, சுட்டது, பழம் எல்லாம் அடுக்குவார்கள். நமக்கு ஆளுக்கு ஒரு இலை. அவர்களுக்கு எல்லாருக்கும் ஒரே இலை. திருமண நாளுக்கு இதைவிடப் பொருத்தமான பந்தி எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கு மூன்றடி நீளத் தலைவாழை ஒன்று போதும். வாட்டாமல் விரித்தால் நடு நரம்பு நிமிர்ந்து நின்று சோறு ஒரு பக்கமாகச் சரியும். பின்புற நரம்பைக் கத்தியால் தட்டையாகச் சீவிவிட்டு, தணலுக்கு மேல் பளபளப்பு ஏறும்வரை மட்டும் இழுத்து எடுங்கள். சாறு ஓடுகிற எதையும் இலையில் ஊற்றாதீர்கள், கிண்ணத்தில் வையுங்கள்.

இனி காடி. அடோபோ நன்றாக வருவதும் கெடுவதும் இதில்தான். அங்கே தென்னங்கள்ளிலிருந்தும் நிப்பா பனையிலிருந்தும் கரும்பிலிருந்தும் தனித்தனியாகக் காடி எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை. கேரளத்தில் கள்ளுக்கடைகள் உரிமத்தோடு நடக்கின்றன. கள்ளிலிருந்து எடுத்த காடியைச் சொறுக்கா என்பார்கள். எல்லை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நல்ல சொறுக்கா லேசாகக் கலங்கி, அடியில் மண்டி படிந்திருக்கும். மூக்கில் சுருக்கென்று ஏறாமல் புளித்த கள்ளின் வாசம் முதலில் வரும். பளிங்கு மாதிரித் தெளிந்து, லேபிளில் 'சிந்தெடிக்' என்று போட்டிருந்தால் அது தண்ணீர் கலந்த அசெட்டிக் அமிலம். புளிப்பு உண்டு, மணம் இல்லை. வேறு கிடைக்காவிட்டால் அதில் மூன்று பங்குக்கு ஒரு பங்கு தண்ணீரும் ஒரு சிட்டிகை கருப்பட்டியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் அடோபோவுக்கு எலும்போடு கோழித் தொடையும் காலும் அரை கிலோ. கடையில் தோலோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். தோல் உரித்த கோழியில் கொழுப்பு இறங்காது, கடைசியில் குழம்பு பளபளக்காது. காடி 80 மில்லி, சோயா சாஸ் 60 மில்லி, தண்ணீர் 120 மில்லி, நசுக்கிய பூண்டு எட்டுப் பல், முழு மிளகு ஒரு தேக்கரண்டி. பிரியாணி இலை பாதி போதும். அவர்கள் போடும் இலை வேறு மரத்தது. நம் இலை பட்டை வாசம் அடிக்கும், இரண்டு போட்டால் பிரியாணி ஆகிவிடும். சோயாவிலும் கவனம் வேண்டும். நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் கெட்டியான கறுப்பு சாஸை 60 மில்லி ஊற்றினால் குழம்பு தார் மாதிரிக் கறுத்துக் கசக்கும். அதுதான் இருக்கிறது என்றால் 25 மில்லியோடு நிறுத்தி, மீதிக்கு உப்புப் போடுங்கள். 'லைட்' சோயா கிடைத்தால் சொன்ன அளவே சரி.

எல்லாவற்றையும் மண்சட்டியில் ஒன்றாகப் போட்டு அரை மணி நேரம் ஊற வையுங்கள். பிலிப்பைன்ஸிலும் மண்சட்டிதான் பழைய வழக்கம், பலயோக் என்பார்கள். அலுமினியமும் இரும்புச் சட்டியும் வேண்டாம், காடி அரித்து உலோகச் சுவை ஏறிவிடும். சட்டி இல்லையென்றால் எவர்சில்வர் போதும். அடுப்பில் ஏற்றிக் கொதி வந்ததும் முதல் ஐந்து நிமிடம் மூடவும் கூடாது, கிளறவும் கூடாது. பிலிப்பினோ வீடுகளில் கண்டிப்பாகச் சொல்லித் தருகிற விதி இது. மூடினால் காடியின் காட்டம் ஆவியாகப் போகாமல் மூடியில் பட்டு மறுபடி சட்டிக்குள்ளேயே விழும், அப்புறம் எவ்வளவு வேகவைத்தாலும் பச்சை நெடி போகாது. 'அடோபோ புளிச்சுக் கிடக்கு, தொண்டையைப் பிடிக்குது' என்பவர்களில் பெரும்பாலோர் தவறுவது இந்த ஐந்து நிமிடத்தில்தான். பிறகு மூடி, சிறுதீயில் 25 நிமிடம். நாட்டுக்கோழி என்றால் தண்ணீரை இரட்டிப்பாக்கி ஒரு மணி நேரம்.

வெந்த துண்டுகளைத் தனியே எடுத்துத் தேங்காய் எண்ணெயில் தோல் சிவக்க வறுக்கவும். சட்டியில் மிஞ்சிய குழம்பை வற்றவிடுங்கள். முதலில் பெரிய கொப்புளமாகக் கொதிக்கும். வற்ற வற்றக் கொப்புளம் சிறுத்து, சத்தம் மெலிந்து, ஓரத்தில் எண்ணெய் வளையம் கட்டும். அப்போது துண்டுகளைத் திரும்பப் போட்டு ஒரு புரட்டு. பிலிப்பைன்ஸின் பீகோல் பக்கத்தார் இதில் தேங்காய்ப்பால் சேர்ப்பார்கள். நீங்களும் சேர்ப்பதானால் அடுப்பை அணைக்கிறதற்கு முன் ஒண்ணாம் பால் 100 மில்லி ஊற்றி, கொதி வரும் முன் இறக்குங்கள். புளிப்பில் பால் கொதித்தால் திரிந்துவிடும். அடோபோவை முந்தின நாளே வைத்து ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது நல்லது, மறுநாள்தான் புளிப்பும் உப்பும் எலும்புவரை இறங்கியிருக்கும்.

சினிகாங் என்பது புளிச்சாறு. அங்கே பிஞ்சுப் புளி போட்டும் வைப்பார்கள், புளிச்சிக்காய் போட்டும் வைப்பார்கள். 'கமியாஸ்' என்று அவர்கள் சொல்வது நம் புளிச்சிக்காயைத்தான், மலையாளிகளின் இரும்பன் புளி. 700 மில்லி தண்ணீரில் ஒரு தக்காளி, ஒரு வெங்காயம், ஆறு புளிச்சிக்காய் போட்டுக் கொதிக்கவிட்டு, காய் குழைந்ததும் கரண்டியால் மசித்துக்கொள்ளுங்கள். முள்ளங்கி, நீளப் பயறு, கத்தரிக்காய், வெண்டைக்காய் என வேகும் நேரப்படி அடுத்தடுத்துப் போட்டு, தலையோடு 200 கிராம் இறால், ஒரு முழுப் பச்சைமிளகாய், உப்பு. இறால் சிவந்து மூன்று நிமிடத்தில் இறக்கி, வள்ளைக்கீரையைப் போட்டு மூடிவிடுங்கள், அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், தாளிப்பு எதுவும் கிடையாது. கை தானாகக் கடுகு டப்பாவுக்குப் போகும்; போட்டீர்களானால் அது ரசம். புளிச்சிக்காயில் ஆக்ஸலேட் அதிகம். அதன் சாற்றைப் பிழிந்து குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் கேரளத்தில் உண்டு. சாற்றில் ஐந்தாறு காய் போடுவது அந்த அளவில்லை, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டாம். அவர்களுக்கு வாளன்புளியே போதும்.

கணவாய் சுடுவதற்குச் சிரட்டைக் கரிதான் சரியான நெருப்பு. ஒரு சாண் நீளக் கணவாய் இரண்டு வாங்கி, உள்ளே கண்ணாடித் தகடு போல இருக்கும் ஓட்டை உருவி எடுத்துவிடுங்கள். விதை நீக்கிய தக்காளி, சின்ன உள்ளி, இஞ்சி, மிளகு, உப்பு ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிக் கலந்து முக்கால் அளவுக்கு மட்டும் அடைத்து, வாயை ஈர்க்கிலால் தைக்க வேண்டும். முழுக்க அடைத்தால் சுடும்போது கணவாய் சுருங்கி வெடிக்கும். தக்காளி விதையை எடுக்காவிட்டால் நீர் ஒழுகித் தணலை அவித்துவிடும். நல்ல தணலில் பக்கத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம். அதற்கு மேல் போனால் ரப்பர். பிறகு முக்கால் மணி நேரம் வேகவைத்தால்தான் திரும்ப மெத்தென்று ஆகும். தொட்டுக்கொள்ளக் காடி, சோயா, நறுக்கிய உள்ளி, கீறின காந்தாரி மிளகாய். அவர்களுடைய கலமான்சி எலுமிச்சை இங்கே எளிதில் கிடைக்காது. மூன்று பங்கு எலுமிச்சைச் சாறுக்கு ஒரு பங்கு ஆரஞ்சுச் சாறு கலந்தால் ஓரளவு அந்த மணம் வரும்.

கினிலாவ் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பச்சை மீனைக் காடியில் ஊறவைத்துத் தின்பது. கடலிலிருந்து நேராக வந்த மீன் என்றாலும் வீட்டில் செய்யாதீர்கள். காடி பட்டதும் சதை வெந்த மாதிரி வெளுக்கும், ஆனால் மீனில் இருக்கும் புழு அதற்குச் சாகாது. சூரையைப் பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் வைத்திருந்தால் அதில் ஹிஸ்டமின் உருவாகிவிடும்; அது காடிக்கும் போகாது, அடுப்புக்கும் போகாது, முகம் சிவந்து தலைவலி வரும்.

விசேஷ நாளில் பன்சித் என்ற நூடுல்ஸ் இல்லாமல் இருக்காது. நூடுல்ஸ் நீளமாக இருந்தால் ஆயுளும் நீளும் என்பது நம்பிக்கை. அதனால் உடைக்கவோ வெட்டவோ கூடாது. மெல்லிய அரிசி சேமியா 100 கிராமை வெந்நீரில் நாலு நிமிடம் நனைத்து வடித்து, பூண்டு, கேரட், முட்டைக்கோஸ் வதக்கியதில் புரட்டுங்கள். கூடுதலாக ஊறினால் தானே துண்டு துண்டாகிவிடும், பிறகு ஆயுளைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

இனிப்புக்கு லெச்சே ஃப்ளான் என்ற முட்டைப் புட்டிங், இதுவும் முந்தின நாள் வேலை. 360 மில்லி பாலைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி ஆறவிடுங்கள். ஐந்து முட்டை மஞ்சள் கரு, 200 கிராம் கண்டென்ஸ்டு மில்க், ஆறிய பால், எலுமிச்சைத் தோலின் பச்சைச் சீவல் கொஞ்சம். அடித்துக் கலக்காதீர்கள், கரண்டியால் சுற்றிக் கரைத்து இரண்டு முறை வடிகட்டுங்கள். நாலு மேஜைக்கரண்டி சர்க்கரையைத் தகர டப்பாவிலேயே உருக்கி, தேன் நிறத்திலிருந்து கருப்பட்டி நிறத்துக்குத் திரும்பும் நேரத்தில் இறக்கவும். ஒரு நொடி தாமதித்தாலும் கசப்பு. அது உறைந்ததும் கலவையை ஊற்றி, டப்பாவை அலுமினியத் தாளால் மூடி, இட்லிப் பானையில் மிகச் சிறுதீயில் 30 முதல் 35 நிமிடம். பானை மூடிக்குள் ஒரு துணி கட்டுங்கள், நீர் சொட்டினால் மேலே குழி விழும். வெட்டும்போது உள்ளே தேன்கூடு மாதிரித் துளைகள் தெரிந்தால் தீ அதிகம் என்று பொருள்: முட்டை இறுகி நீரைக் கக்கியிருக்கிறது. நடுவில் லேசாக ஆடும்போதே எடுத்து, ஆறியபின் இரவு முழுக்க ஃப்ரிட்ஜில். அந்த நேரத்தில்தான் அடியில் உறைந்த சர்க்கரை கரைந்து பாகாகும். அவசரப்பட்டுக் கவிழ்த்தால் பாதிப் பாகு டப்பாவிலேயே ஒட்டிக்கொள்ளும்.

சோற்றுக்குச் சிவப்பு மட்டை அரிசியும் வேண்டாம், புழுங்கலும் வேண்டாம். ஒரு கப் பச்சரிசிக்கு ஒன்றே முக்கால் கப் தண்ணீர், வடிக்காமல் பொங்குங்கள். வரப்பாகக் குவித்தால் நிற்கிற அளவு ஒட்டல் வேண்டும்.

அன்றைய காலைக்கு மிஞ்சுவது கணவாய், இறால், பன்சித், சோறு மட்டும்தான். மீன் சந்தையிலிருந்து பத்து மணிக்குத் திரும்பினால் பதினொன்றரைக்கு அரிசி, பன்னிரண்டுக்கு சினிகாங், இலை விரித்தபின் கடைசியாகக் கணவாய். இருவரும் ஒரே நேரத்தில் உட்கார இதைத் தவிர வழி இல்லை. ஒருவர் அடுப்படியில் நிற்க மற்றவர் சாப்பிட்டால் ஒரே இலை விரித்ததற்கு அர்த்தமே இல்லை.

வெளியே கொண்டுபோக விரும்பினால் மாத்தூர் தொட்டிப்பாலம் நல்ல இடம். ஆற்றுக்கு மேலாகப் பாசன நீரைக் கொண்டுபோகும் பாலம், 1966-இல் கட்டியது, நூறு அடிக்கு மேல் உயரம். பாலத்தின் மேல் நடந்து பாருங்கள், சாப்பாட்டைக் கீழே ஆற்றங்கரை மர நிழலில் வைத்துக்கொள்ளுங்கள். முட்டம் கடற்கரையில் காற்று இலையைத் தூக்கிவிடும், சோற்றில் மணலும் விழும். ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் வீட்டு மொட்டைமாடிக்கு ஒரு தார்ப்பாய் போதும். குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கொண்டுபோகும்போது அடோபோ தாங்கும். சோற்றைச் சூடு ஆறாத ஹாட்பாக்ஸிலும் ஃப்ளானை ஐஸ் பெட்டியிலும் வையுங்கள். கணவாயை மசாலா அடைத்து ஐஸில் கொண்டுபோய் அங்கேயே சுடலாம். தணலை நீர் ஊற்றி முழுக்க அணைத்துவிட்டு வாருங்கள்.

பானையில் மீந்த சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் காலை ஆறு பல் பூண்டைப் பொடியாக நறுக்கித் தேங்காய் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துப் பாதியைத் தனியே எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் ஆறின சோற்றை உதிர்த்துப் போட்டு, மிச்ச அடோபோக் குழம்பு இரண்டு கரண்டி ஊற்றிப் புரட்டவும். எடுத்து வைத்த பூண்டை மேலே தூவி, ஆளுக்கு ஒரு முட்டை பொரித்து வைத்தால் காலைச் சாப்பாடும் முடிந்தது.