தாழ்வாரத் தொட்டியில், விதையிலிருந்து கிழங்குப் பூச்செடிகள்

இலையுதிர் காலத்தில் பூக்கும் சைக்ளமென் என்ற கிழங்குச் செடியின் விதையைச் சிங்கப்பூரில் முளைக்க வைக்கலாமா? முளைக்க வைக்கலாம், பூவரை கொண்டுபோவது கடினம். சைக்ளமென் ஹெடரிஃபோலியம் தெற்கு ஐரோப்பாவிலிருந்து துருக்கி வரை மரநிழலில் வளர்வது. கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்கிவிட்டு, வெயில் தணிந்ததும் இலைக்கு முன்னால் பூவை வெளியே விடும். விதையை ஒரு நாள் ஊறவைத்து, இருட்டில், 15 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில் வைத்தால் ஓரிரு மாதத்தில் முளைக்கும். 20 டிகிரியைத் தாண்டினால் முளைப்புத் திறன் சரியும். வைன் வைக்கும் குளிர்பெட்டி இருந்தால் அதுவரை போகலாம். ஆனால் நாற்று என்றாவது வெளியே வந்துதானே ஆகவேண்டும்? இங்கே இரவிலும் 24, 25 டிகிரி. ஈரமும் சூடும் சேர்ந்தால் பட்டாணி அளவுக் கிழங்கு சீக்கிரமே அழுகிவிடும்.

நமக்குக் குளிர்காலமும் இல்லை, பகல் நீளமும் மாறுவதில்லை. செடிக்கு நம் கையால் காட்ட முடிந்த ஒரே பருவம் தண்ணீர்தான். அதனால் குளிருக்காகக் காத்திருக்கும் கிழங்குகளை விட்டுவிட்டு, மழைக்கும் வறட்சிக்கும் அசையும் கிழங்குகளை எடுத்துக்கொள்வது நல்லது.

முதலில் செங்காந்தள். ஊரில் கார்த்திகைப்பூ, கண்வலிக்கிழங்கு என்று சொல்வோமே, அதுதான். குளிர்நாடுகளில் இலையில்லாத வெறுந்தரையில் இலையுதிர் காலத்தில் பூக்கும் கோல்ச்சிகமும் இதுவும் ஒரே குடும்பம். இரண்டிலும் இருப்பது கோல்ச்சிசின் என்ற அதே நச்சு. மாடி வீடுகளில் பூச்சி நடமாட்டம் குறைவு என்பதால் காய் பிடிக்க நம் கை உதவ வேண்டியிருக்கும். ஒரு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்து, இன்னொரு செடியின் பூவில் பக்கவாட்டில் வளைந்து நீளும் தண்டின் நுனியில் தடவுங்கள். காய் தானாக வெடித்து, உள்ளே சிவப்பு மணிகள் தெரியும்போது எடுக்கலாம். மேலே உள்ள சிவப்புச் சதையைத் தேய்த்து நீக்கி, வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரே தொட்டியில் ஒரு விதை மூன்று வாரத்தில் முளைக்கும், பக்கத்து விதை மூன்று மாதம் எடுக்கும். ஆறு மாதம் ஆகும்வரை தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். பொறுமை இழந்து கொட்டிய மண்ணோடு எத்தனையோ நல்ல விதைகள் போயிருக்கின்றன.

முதல் ஆண்டில் ஒரே ஒரு மெல்லிய தண்டுதான் வரும். அது மஞ்சளாகிச் சாயும்போது செத்துவிட்டது என்று எண்ணி இன்னும் தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. தண்டு காய்ந்ததும் தண்ணீரை நிறுத்தி, மழை படாத இடத்தில் ஆறு முதல் எட்டு வாரம் அப்படியே விடுங்கள். புது முளை தெரிந்த பிறகு ஊற்றினால் போதும். பூ பெரும்பாலும் மூன்றாவது பருவத்தில்தான். தொட்டி மாற்றும்போது கிழங்கின் நுனியில் கவனம் தேவை. முளை அங்கே மட்டுமே இருக்கிறது, நுனி ஒடிந்தால் மீதிக் கிழங்கால் பயனில்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம், பார்வைக்குச் சமைக்கும் கிழங்குபோலவே இருக்கும். குழந்தைகளோ பூனையோ இருக்கும் வீட்டில் இந்தச் செடியைத் தவிர்ப்பதே சரி.

மண் கலவை எல்லாவற்றுக்கும் ஒன்றே: சலித்த சுட்ட மண் இரண்டு பங்கு, கழுவிய தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துகள் ஒரு பங்கு. நார்த்தூளைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இளவேரைக் கருக்கும். கலவைக்கு மேல் அரை சென்டிமீட்டர் சிறு கூழாங்கல் பரப்புங்கள். பாசி, கறுப்புச் சிற்றீ, நாற்று அழுகல் மூன்றும் குறையும்.

கடைகளில் அமரிலிஸ் என்று விற்கும் ஹிப்பியாஸ்ட்ரத்தின் விதை கறுப்புக் காகிதச் சருகுபோல இருக்கும். கைபேசி விளக்குக்கு நேரே பிடித்தால் நடுவில் அரிசிமுனை போன்ற கரு தெரியும். அது இல்லாதவை பதர். இதற்கு மண்ணைவிடத் தண்ணீரில் மிதக்கவிடும் முறை நன்றாக வேலை செய்கிறது, ஏனென்றால் எது முளைத்தது என்று கண்ணால் பார்க்கலாம். ஆனால் இரண்டு வாரம் தேங்கிய நீர் என்பது இங்கே விளையாட்டல்ல. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஏழு நாள் போதும், தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதமும் விதிக்கும். கடையில் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு சென்டிமீட்டர் நீர் விட்டு, விதைகளைப் பரப்பி, மூடியை இறுக்கமாக மூடிவிடுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். வேர் ஒரு சென்டிமீட்டர் வந்ததும் கலவைக்கு மாற்றலாம். விதை மேலே தெரியும்படி, வேர் மட்டும் மண்ணுக்குள். டச்சுக் கலப்பினங்கள் நம் சூட்டில் மறுபடி பூக்கத் தயங்கும், ஹிப்பியாஸ்ட்ரம் புனிசியம் தயங்காது.

ரெயின் லில்லி எல்லாவற்றிலும் எளிது. மஞ்சள் பூ தானாகவே காய்க்கும். பெரிய ரோஜா நிறப் பூ பெரும்பாலும் காய்ப்பதில்லை, அதைக் கிழங்கு பிரித்துத்தான் பெருக்க வேண்டும். பூ வாடிய மூன்று வாரத்தையொட்டிக் காய் மூன்றாகப் பிளக்கும், அன்றே விதையை எடுக்காவிட்டால் காற்றோடு போய்விடும். தட்டையாகப் படுக்கவைத்து, மெலிதாக மூடுங்கள். ஓரிரு வாரத்தில் புல்போல எழும்பும். ஓராண்டு வரை பிரித்து நடாதீர்கள், நெருக்கத்தில்தான் இது நன்றாகப் பூக்கும். வளர்ந்த தொட்டியை மூன்று வாரம் காயவிட்டு, பிறகு நன்றாக நனையுங்கள். சில நாளில் மொட்டு வரும். டிசம்பர், ஜனவரி அடைமழையில் திறந்தவெளியில் இருக்கும் தொட்டிக்கு இந்த வறட்சி கிடைக்காது, கூரைக்குள் இழுத்து வையுங்கள்.

கடற்கரையோரம் வளரும் கிரைனம் ஏசியாட்டிகத்தின் விதையைப் புதைக்கவே வேண்டாம், மண்மேல் வைத்தால் போதும். அலமாரியில் கிடந்தாலும் முளைக்கும். பூங்காக்களில் காய் பறிப்பது சட்டப்படி தவறு, வளர்ப்பவர்களிடம் கேட்டு வாங்குங்கள். வளர்ந்தால் ஆள் உயரத்தை நெருங்கும் செடி இது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும் என்பதால் சமூகத் தோட்டத்துக்கே பொருந்தும்.

ஹிப்பியாஸ்ட்ரத்தையும் கிரைனத்தையும் தாக்கும் லில்லிப் புழு ஒரே இரவில் நாற்றுகளை மொட்டையடித்துவிடும். வாரம் இருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முட்டைக் கூட்டம் தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். புழு இலைக்குள் துளைத்துப் போய்விட்டால் மருந்து எட்டாது, அந்த இலையை அடியோடு வெட்டிக் கட்டிய பையில் போட்டுவிட வேண்டியதுதான்.