சோதனை முடிந்த பிறகு கொட்டிய முடியும் வீணாய்ப் போன மூன்று பயணமும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முடி கொட்டுகிறது என்று பயந்து போயிருப்பவர்கள் இந்தக் கிழமை என்ன எண்ணெய் வைத்தோம், என்ன ஷாம்பு போட்டோம் என்று யோசிக்காதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் உங்களுக்கு என்ன நடந்தது என்று யோசியுங்கள். இந்த ஒரு விஷயம் எனக்கு முதலே தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

நான் ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பயோ, இரண்டாம் தரம் எடுத்தவள். வீடு விசுவமடுப் பக்கம். சோதனைக்கு முந்தின ஐந்து மாதமும் எப்படிப் போனது என்று பயோ படித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. விடிய நாலு மணிக்கு எழும்பி, வெறும் தேத்தண்ணியோடு ரியூசனுக்கு ஓடி, மத்தியானச் சாப்பாட்டைப் பின்னேரம் சாப்பிட்டு, இரவு ஒரு மணிக்குப் படுப்பது. அப்போதெல்லாம் முடிக்கு ஒன்றும் ஆகவில்லை. சோதனை முடிந்து, ஒழுங்காகச் சாப்பிட்டு நித்திரை கொள்ளத் தொடங்கி, கிட்டத்தட்ட இரண்டரை மாதம் கழித்து ஒரு நாள் கிணற்றடியில் முழுகும்போது கை நிறைய வந்தது. தண்ணி ஓடும் கானில் முடி பந்துபோல அடைத்து நின்றது. முன்பு இரண்டு சுற்றுச் சுற்றும் ரப்பர் பாண்ட் அடுத்த மாதம் நாலு சுற்றுப் போனது.

அம்மா தண்ணியைச் சொன்னார். எங்கள் பக்கம் கல்லுத் தண்ணி, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும், அதனால் முடிப் பிரச்சினை எல்லாமே தண்ணியில்தான் போய் முடியும். பெரியம்மா சூடு என்றார். படிப்பு அழுத்தமாக இருக்குமோ என்று நான் கேட்டதற்கு, "சோதனை முடிஞ்சு வீட்டில இருக்கிற பிள்ளைக்கு என்ன அழுத்தம்?" என்றார். எனக்கும் பதில் இல்லை. பயத்தில் மூன்று பிழை விட்டேன். பேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து 3,200 ரூபாய்க்கு எண்ணெய் வாங்கினேன். பாமசியில் கேட்டு 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் (முடிக்கென்று விற்கும் ஒரு விற்றமின்) குளிசை வாங்கி யாரிடமும் சொல்லாமல் தினமும் போட்டேன். அப்புறம், கொட்டும் என்று பயந்து பத்து நாளைக்கு ஒரு தரம் மட்டும் முழுகினேன். அப்படி முழுகும் நாளில் பத்து நாள் முடியும் சேர்ந்து வர, பார்த்து அழுதேன்.

முதல் வீண் பயணம். விடிய முதல் பஸ்ஸில் பரந்தனுக்கு வந்து, அங்கே பஸ் மாறி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "கடிதம் எங்க?" என்றார். என்ன கடிதம் என்று கேட்டேன். "போர்ட்டில கிடக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். போர்ட்டில் ஒட்டியிருந்த தாளில் பாதி கிழிந்திருந்தது. கடைசியில் துடைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர்தான் சொன்னார்: தோல் கிளினிக் ஒவ்வொரு நாளும் இல்லை, வீட்டுக்குக் கிட்ட இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் டொக்டரைக் காட்டிக் கடிதம் வாங்கி, கிளினிக் நாளில் வரவேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும், எனக்கு ஒரு நாள் போனது. நீங்கள் போவதென்றால் கிளினிக் நாளைக் கேட்டுக்கொண்டு கடிதத்தோடு போங்கள்.

கடிதம் வாங்கியது சுலபமாக முடிந்தது. கிளினிக் நாளில் பார்த்த டொக்டர் நல்ல மனுசி. நாற்பது ஐம்பது முடியை விரலுக்கிடையில் பிடித்து மெதுவாக இழுத்தார், எட்டு முடி வந்தது. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து அடியைப் பார்க்கச் சொன்னார். குண்டூசித் தலைபோல ஒரு வெள்ளைப் புள்ளி. "இது வளர்ச்சி முடிஞ்சு ஓய்வுக்குப் போன முடி, பிள்ளை. வேர் சாகேல்லை" என்றார். சாதாரணமாகப் பத்தில் ஒரு பங்கு முடிதான் ஓய்வில் இருக்குமாம். உடம்புக்கோ மனதுக்கோ பெரிய அடி விழுந்தால் ஒரேயடியாக நிறைய முடி ஓய்வுக்குப் போய்விடும், ஆனால் அன்றைக்கே விழாது, இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டுத்தான் விழும். டெலோஜன் எப்ளூவியம் என்று பெயர் எழுதினார். டெங்குக் காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுவதும் இதே வகைதானாம். நாளுக்கு 50 முதல் 100 முடி விழுவது எல்லாருக்கும் நடப்பது, முழுகும்போது வருவது எப்படியும் விழ இருந்த முடி, ஆகவே பயப்படாமல் முழுகு என்றார். வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ தலைத்தோல் சிவந்து புண்ணானாலோ அது வேறு வருத்தம், உடனே காட்ட வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த ஒரு பேச்சில் எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. கணக்குப் பார்த்தேன், இரண்டரை மாதம் பின்னால் போனால் சரியாகச் சோதனை மண்டபத்தில் நிற்கிறேன்.

இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார். ரிப்போட்டோடு போனது இரண்டாவது வீண் பயணம். தைரொயிட் கூடியிருப்பதுபோல முடிவு வந்திருந்தது, ஆனால் எனக்கு அதற்கான குணம் ஒன்றும் இல்லை. "வேற ஏதும் குளிசை போடுறீங்களோ?" என்று கேட்டபோதுதான் பயோட்டினைச் சொன்னேன். கூடிய அளவில் பயோட்டின் போட்டால் சில தைரொயிட் பரிசோதனைகளின் முடிவே பிழையாக வருமாம். குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்திவிட்டுத் திரும்ப இரத்தம் கொடுக்க வேண்டி வந்தது. பாமசியில் இதை ஒருவரும் சொல்லவில்லை. தயவுசெய்து போடும் குளிசை எதையும் டொக்டரிடம் மறைக்காதீர்கள், விற்றமின் என்றாலும் சொல்லுங்கள்.

மூன்றாவது வீண் பயணத்தில் புது ரிப்போட்டை வீட்டு மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன். பஸ்ஸில் பரந்தன் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அன்று நெஞ்சு படபடத்து, பஸ் ஸ்டாண்டில் இருந்து அழுதேன்.

அடுத்த தரம் எல்லாம் சரி. தைரொயிட் பிழையில்லை, பெரிற்றின் மட்டும் குறைவு, அதாவது உடம்பில் சேமித்து வைத்த இரும்பு போதாது. அதற்குத் தந்த இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு போடக்கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தேசிக்காய்த் தண்ணியோடு போடலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள்.

டொக்டர் நித்திரையைப் பற்றிக் கேட்டபோது, ரிசல்ட்ஸை நினைத்து இரவில் முழித்திருப்பதைச் சொன்னேன். மனநலப் பிரிவுக்கும் ஒரு துண்டு எழுதித் தந்தார். அம்மாவின் முகம் மாறிவிட்டது, சனம் என்ன சொல்லும் என்று. ஆனால் அங்கே நடந்தது கதைத்ததுதான். என்னை யாரும் அவசரப்படுத்தாமல் முக்கால் மணி நேரம் கேட்டார்கள். இரவு பதினொன்றுக்குப் பிறகு முழித்திருப்பதில்லை, காலையில் ஒரு முட்டையாவது சாப்பிடாமல் வெளியே போவதில்லை, பின்னேரம் தங்கச்சியோடு குளக்கட்டு வரை நடப்பது என்று மூன்றை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். தூரம் என்று போக முடியாதவர்கள் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

கொட்டத் தொடங்கி இப்போது ஐந்தாம் மாதம். கொட்டுவது நன்றாகக் குறைந்துவிட்டது. முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும், அதனால் பின்னல் இன்னும் மெல்லிசு. ஆனால் நெற்றியோரம் சின்னச் சின்ன முடி குத்திக்கொண்டு நிற்கிறது, போன கிழமை தலை இழுத்துவிடும்போது அம்மாதான் முதலில் கண்டார். ரப்பர் பாண்ட் மூன்று சுற்றுக்கு வந்திருக்கிறது. அடுத்த கிளினிக் வரும் மாதம். கிளினிக் கொப்பி, கடிதம், ரிப்போட் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வாசல் கதவுக்குப் பின்னால் கொழுவி வைத்திருக்கிறேன்.