மேக்வொர்த் தீவில் குழந்தையோடு ஒரு தேவதை வீடு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், போர்ட்லேண்டை ஒட்டிய ஃபால்மத் ஊரிலிருந்து கடலின் குறுக்கே போகும் சாலையைத் தாண்டினால் மேக்வொர்த் தீவு. தீவைச் சுற்றி ஒன்றேகால் மைல் நடைபாதை. பெரும்பாலும் சமதளம் என்பதால் நாலு வயதுப் பிள்ளை தூக்கச் சொல்லாமல் நடந்துவிடும். அந்தப் பாதையோரக் காட்டில்தான் தேவதை வீடு, அதாவது குட்டித் தேவதைகள் வந்து தங்குவதாகப் பிள்ளைகள் கற்பனை செய்து கட்டும் வீடு, கட்டுவதற்கென்றே விட்ட இடம் இருக்கிறது. சுள்ளியும் சிப்பியுமாகப் பிள்ளைகள் கட்டிவிட்டுப் போன குட்டி வீடுகள் வேரடிதோறும் நிற்கும். நம் பிள்ளைத்தமிழில் சிறுமிகள் மணலில் கட்டி விளையாடும் சிற்றிலுக்குத் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம்.

வண்டி நிறுத்தும் இடம் சிறியது. கோடை விடுமுறை நாட்களில் காலையிலேயே போய்விடுங்கள். கடல் உள்வாங்கும் நேரத்தையும் பார்த்து வையுங்கள். இங்கே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் சுமார் 9 அடி வித்தியாசம். நீர் ஏறிய பிறகு போனால் சிப்பி பொறுக்கக் கரையே மிஞ்சாது.

உயிருள்ள எதையும் பறிக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி. குழந்தையின் கை நேராகப் பச்சைப் பாசிக்குத்தான் போகும். அதைப் பெயர்த்தால் அடியிலுள்ள மண் மழையில் கரையும், திரும்பப் படர ஆண்டுகள் ஆகும். பிர்ச் பட்டையை நிற்கிற மரத்தில் உரிக்கவே கூடாது. விழுந்த கட்டையில் மரம் மக்கிப்போன பிறகும் பட்டை மட்டும் கெடாமல் சுருண்டு கிடக்கும், அது போதும். கரையில் நத்தைச் சங்கு எடுத்தால் அதன் வாயைப் பாருங்கள். பழுப்பு மூடி தெரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக், ரிப்பன், பசை எதுவும் கொண்டுபோக வேண்டாம்.

ஒரு துணிப்பையில் இவ்வளவு சேர்ந்தால் போதும்: பென்சில் தடிமனில் சாண் நீளச் சுள்ளி இருபது, கட்டைவிரல் தடிமனில் முகட்டுக் கொம்பு ஒன்று, கவைக்கொம்பு ஒன்று, பைன் ஊசியிலை நாலு கைப்பிடி, கொஞ்சம் கூழாங்கல், சிப்பி, ஓக் கொட்டையின் தொப்பி. சுள்ளியை ஒடித்துப் பார்த்து எடுங்கள். 'டக்'கென்று சத்தத்தோடு முறிந்தால் நல்ல காய்ந்த சுள்ளி. சத்தமில்லாமல் பிட்டுக்கொண்டு வந்தால் உளுத்தது, கூரையைத் தாங்காது.

இரண்டு கவைகளை நட்டு நடுவில் கொம்பு வைக்கத்தான் எல்லோரும் முயல்வார்கள். வேரும் கல்லுமான இந்த மண்ணில் மூன்று அங்குலம்கூட இறங்காமல் கவை சாயும். ஒரு கவை போதும். அதன் அடியைச் சுற்றிக் கல்லை இறுக்கிவிட்டு, முகட்டின் மறுமுனையை மரத்தின் வேர்மேல் ஏற்றி வையுங்கள். பிறகு இருபுறமும் சுள்ளிகளை மாற்றி மாற்றிச் சாய்க்க வேண்டும். சுள்ளியின் மேல்நுனி முகட்டைத் தாண்டி இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருந்தால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். முகட்டோடு சரியாக நின்றால் பிள்ளையின் முழங்கை பட்டதும் மொத்தமும் சரியும். ஊசியிலையைக் கூரை வேய்கிற மாதிரி கீழிருந்து மேலாக அடுக்கி, மேலே பிர்ச் பட்டையைக் கவிழ்த்து, இரண்டு கல்லைப் பாரமாக வையுங்கள்.

முகடு பெரியவர்கள் வேலை; வாசலும் உள்வீடும் முழுக்கக் குழந்தைக்கு. கருநீல மஸல் சிப்பியை மல்லாத்தி வைத்தால் முத்து மினுக்கும் உட்புறத்தில் தண்ணீர் நிற்கும். தேவதைக்குக் குளியல் தொட்டி தயார். நடுவில் திருத்தாதீர்கள். கோணலான வாசலும் வாசல்தான்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சிப்பிகூட எடுக்கக் கூடாது, கட்டியதைப் பிரித்துக் கொண்டுவரவும் கூடாது. மூன்று மூன்று இலையாகப் பளபளக்கும் பாய்சன் ஐவி பட்டால் கொப்பளிக்கும். அந்தச் செடிப் பக்கம் சுள்ளி பொறுக்க வேண்டாம். ஜூன், ஜூலையில் பிரவுன்டெயில் கம்பளிப்பூச்சியின் முடி சருகிலும் கலந்திருக்கும், மேலே பட்டால் தடிக்கும். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணி எள்ளளவுதான் இருக்கும். காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிவிடுங்கள். அறைக்குத் திரும்பியதும் குழந்தையின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் குளிப்பாட்டுங்கள்.