பேஸ்மேக்கர் வைத்த அம்மாவும் ஹைப்ரிட் காரும்

ஜப்பானிலிருந்து வந்த பழைய டொயோட்டா அக்வா ஒன்றை ரோஸ் ஹில்லில் பேசி முடிக்கப்போகும் நேரத்தில் அம்மா கேட்டார்: "அதுல ஏறினா என் நெஞ்சுல இருக்கிற மெஷின் நின்னுடுமாப்பா?" அவருக்குப் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. அக்வா பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார். இங்கே மொரிஷியஸில் அப்படிப்பட்ட கார்கள் நிறைய ஓடினாலும் எனக்குப் பதில் தெரியவில்லை. அட்வான்ஸைத் தள்ளிப்போட்டேன்.

முதலில் போனது உதிரிபாகக் கடைக்கு. பின் சீட்டுக்கு அடியில் விரிக்க அலுமினியத் தகடு வைத்த விரிப்பு ஒன்றைக் காட்டி, கதிர்வீச்சு முழுக்க நின்றுவிடும் என்றார்கள். நான் வாங்கவில்லை. காரில் வருவது பெரும்பாலும் குறைந்த அதிர்வெண் காந்தப்புலம். மெல்லிய அலுமினியம் அதைத் தடுக்காது; இரும்போ, காந்தப்புலத்தைத் தடுக்கவென்றே செய்த மியூ-மெட்டல் என்ற நிக்கல்-இரும்புக் கலவையோ வேண்டும். போதாததற்கு, அக்வாவின் 144 வோல்ட் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று உள்ளே போகும் வழியும் அங்கேயே. விரிப்பு அதை அடைத்தால் பேட்டரிதான் சூடாகும். காரைச் செய்தவர்களே உயர் மின்னழுத்தக் கேபிள்களுக்குக் கவசம் போட்டு, போகும் கம்பியையும் வரும் கம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டியிருக்கிறார்கள். இரண்டின் புலமும் எதிரெதிராக இருப்பதால் பெருமளவு ஒன்றையொன்று ரத்தாக்கிவிடும்.

அப்புறம் பௌதிக ஆசிரியரான நண்பரிடம் காந்தப்புலத்தை மூன்று திசையிலும் அளக்கும் மூன்று அச்சு காஸ்மீட்டர் இரவல் வாங்கினேன். வீட்டு மின்சாரத்துக்கென்றே செய்த மலிவான மீட்டர் காரில் சரியாகக் காட்டாது, ஏனென்றால் வேகத்தோடு அதிர்வெண்ணும் மாறுகிறது. போர்ட் லூயியிலிருந்து ரெதுயி நோக்கி ஏறும் மேட்டில் மிதித்து ஓட்டச் சொன்னேன். தரையில், கால் பக்கம் முள் எகிறியது; மீட்டரை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கியதுமே இறங்கிவிட்டது. பெடலை விட்டதும் இன்னும் குறைந்தது. சக்கரம் சுழலும்போது டயருக்குள் இருக்கும் எஃகு வளையங்களும் கொஞ்சம் காந்தப்புலம் தரும். அது பெட்ரோல் காரிலும் உண்டு.

எனக்கு உண்மையில் தெம்பு தந்தது ஜெர்மனியில் மூனிக் இதய மையத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு. பேஸ்மேக்கர் போன்ற கருவிகள் பொருத்திய 108 பேரை நான்கு மின்சாரக் கார்களில் வைத்துப் பார்த்ததில் ஒருவரின் கருவிக்கும் இடையூறு வரவில்லை. காருக்குள் இருந்த காந்தப்புலம் 2.0 முதல் 3.6 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேசக் குழுவான ஐசிஎன்ஐஆர்பி பொதுமக்களுக்கு 2010-இல் சொன்ன வரம்பு, 50 ஹெர்ட்ஸில், 200 மைக்ரோடெஸ்லா.

கவனிக்க வேண்டியது வேறொன்று, அதை எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை. வண்டியோடு வந்த கையேடு ஜப்பானிய மொழியில். ஆங்கிலக் கையேட்டைத் தேடிப் படித்தபோது, பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஸ்மார்ட் கீ (பையில் இருந்தபடியே கதவைத் திறக்கும் சாவி) ஆன்டெனாக்களிலிருந்து 22 சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்றிருந்தது. கதவுக் கைப்பிடி, நடுக் கன்சோல், டிக்கி என்று அவை பல இடங்களில் இருக்கின்றன. நாங்கள் பயந்த பேட்டரியைவிட இதுதான் அம்மாவுக்கு முக்கியம் என்று எனக்குப் பட்டது. இதய மருத்துவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினோம். தூரத்தைக் கடைப்பிடித்தால் போதும், போகலாம் என்றார். அடுத்த செக்கப்பில் டெக்னீஷியன் கருவியின் பதிவைப் படித்துப் பார்த்தார். இடையூறு எதுவும் பதிவாகவில்லை.

இப்போது அம்மா கதவில் சாய்ந்து நிற்பதில்லை, டிக்கிக்குள் குனிவதில்லை. மற்றபடி சாதாரணமாகப் போய்வருகிறார். பிளக் போடும் கார் வைத்திருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: அதே மூனிக் ஆய்வில் அதிகப் புலம் இருந்தது சார்ஜ் ஆகும்போது கேபிள் பக்கம்தான், 116.5 மைக்ரோடெஸ்லா வரை. சார்ஜ் ஏறும்போது கேபிளை மார்போடு அணைத்துப் பிடிக்காதீர்கள்.