தாடைக்கும் காலுக்கும் நடுவே

கால்பொறி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பல் வைத்த இரும்புத் தாடைகள்தான். இங்கிலாந்தில் 'ஜின்' என்று அழைக்கப்பட்ட அந்தப் பல்பொறிக்கு 1958-லேயே தடை வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1995-லிருந்து காலைப் பிடிக்கும் பொறிகளையே மொத்தமாக விலக்கிவைத்தது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் பொறிவைப்பதும் வேட்டைதான். அங்கே இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முயலவே கூடாது. நான் எழுதுவது வட அமெரிக்காவில் உரிமம் பெற்றவர்கள் கயோட்டிக்கும் (ஓநாயைவிடச் சிறிய, நாய் இனக் காட்டுவிலங்கு) நரிக்கும் வைக்கிற, பல்லில்லாத, சுருள் ஸ்பிரிங் பொறிகளைப் பற்றி. அதிலும் மண்ணில் வைக்கும் வேலையைப் பற்றி அல்ல, அதற்கு முன்னால் பட்டறை மேசையில் நடக்கிற வேலையைப் பற்றி.

கடையில் வாங்கிய பொறியை அப்படியே கொண்டுபோய் வைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தொழிற்சாலை அதை மூடித் திறக்கும் ஒரு பொருளாக மட்டுமே செய்து அனுப்புகிறது. தாடையின் விளிம்பு வெட்டுப்பட்ட தகடு மாதிரி கூராக இருக்கும். விலங்கு மிதித்ததும் பொறியை மூடவைக்கும் நடுத்தட்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சங்கிலி ஓரத்தில் மாட்டியிருக்கும். இவை ஒவ்வொன்றும் பிடிபடுகிற காலில் காயமாக மாறும். ஆகவே அந்தக் காலுக்காகச் செய்கிற வேலை இது. பொறியைப் 'பலமாக்குவது' என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது.

முதலில் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிடுவேன். வெல்டிங் சூடு பட்டால் ஸ்பிரிங்கின் பதம் போய்விடும், அப்புறம் அது வெறும் கம்பிதான். கண்ணாடி போடாமல் ஸ்பிரிங்கில் கை வைப்பதில்லை. துத்தநாகப் பூச்சு உள்ள வளையமோ சங்கிலியோ இருந்தால் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வெல்டிங். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலில் படுக்க வேண்டியதுதான்.

அடுத்து தாடை. இங்கேதான் என் நேரத்தில் பெரும்பகுதி போகிறது. தாடையின் முகம் மெல்லியதாக இருந்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுவதும் ஒரு கோட்டில் இறங்கும், தோலை அறுக்கும். அதனால் 5 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பியை எடுத்து, வைஸில் வைத்துத் தாடையின் வளைவுக்கு ஏற்றபடி வளைத்து, தாடையின் வெளிப்பக்கத்தில் விளிம்போடு விளிம்பாகச் சேர்த்து வெல்டு அடிக்கிறேன். காலைத் தொடும் முகம் கிட்டத்தட்ட இரட்டிப்பு அகலமாகிவிடும், அழுத்தமும் அதற்கேற்ப இறங்கிவிடும். முதலில் இரு முனையிலும் நடுவிலும் பொட்டு வெல்டு வைத்துக்கொண்டு, இரண்டு தாடையும் நேருக்கு நேர் மூடுகிறதா என்று பார்த்த பிறகே மீதி வெல்டு. ஒரே மூச்சில் இழுத்தால் தாடை கோணிக்கொள்ளும்.

ஆறியதும் கிரைண்டரில் மேடுகளை எடுத்துவிட்டு அரத்துக்கு வருவேன். கிரைண்டர் வேகமானதுதான், ஆனால் அது விட்டுப்போகிற பிசிறு கண்ணுக்குத் தெரியாது. தட்டை அரத்தால் முகத்தைச் சமன் செய்து, விளிம்பை இரு பக்கமும் உருட்டி, தாடை முனைகளில் வட்ட அரம் விட்டு, கடைசியில் உப்புத்தாள். சரி, முடிந்தது என்று கை சொன்னாலும் நான் நம்புவதில்லை. தழும்பேறிய விரலுக்குச் சின்னப் பிசிறு தெரியாது. கொஞ்சம் பஞ்சை எடுத்துத் தாடையின் நீளத்துக்கு இழுத்துப் பார்ப்பேன். எங்காவது ஓர் இழை மாட்டிக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் மறுபடி அரம். இழை எதுவும் நிற்காமல் பஞ்சு முழுசாக அந்தப் பக்கம் வந்து சேர்ந்தால்தான் அந்தத் தாடையைக் கீழே வைப்பேன்.

தாடைகள் முழுக்க மூடிக்கொள்ளாமல் நடுவில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும்படி இரு முனையிலும் ஒரு பொட்டு வெல்டு வைப்பதும் உண்டு. கயோட்டி அளவுப் பொறிக்கு நான் எப்போதும் வைக்கிறேன். ரப்பர் பட்டை வைத்த தாடைகளும் கிடைக்கின்றன, நல்லவைதான். ரப்பர் தேய்ந்ததும் மறக்காமல் மாற்ற வேண்டும்.

இனி பலரும் என்னோடு சண்டைக்கு வருகிற விஷயம். இரண்டு ஸ்பிரிங் உள்ள பொறியில் நான் இன்னும் இரண்டு சேர்த்து நான்காக்குகிறேன். "காயத்தைக் குறைக்கணும்னு சொல்றீங்க, அப்புறம் பலத்தைக் கூட்டுறீங்களே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கால் எங்கே புண்ணாகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். தாடை மூடும் அந்த நொடியைவிட, மூடிய பிறகு கால் தாடைக்குள் நகர்வதுதான் அதிகக் கேடு. தளர்ந்த பிடிக்குள் கால் முன்னும் பின்னும் இழுபட்டு, தோல் உரசி, விரல்கள் வழுக்கி, கடைசியில் ஒற்றை விரலில் தொங்கும். அகலமான வழவழப்பான தாடைக்குள் கால் அசையாமல் நின்றால் அந்த உரசல் இல்லை. ஸ்பிரிங் வேகமாக இருந்தால் தாடை மேலேறி, உள்ளங்காலின் மெத்தைக்கு மேலே பிடிக்கும். விரல் நுனியில் பிடிக்காது. ஆனால் வேலையின் வரிசை முக்கியம்: தாடையை அகலமாக்காமல் ஸ்பிரிங்கை மட்டும் கூட்டுவது கொடுமை. அப்படிச் செய்தவர்கள் எனக்குக் காட்டிய பொறிகளை நான் அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

சங்கிலியை ஓரத்திலிருந்து எடுத்து, பொறியின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஒரு தகடு வெல்டு அடித்து, அதன் நடுமையத்தில் வளையம் வைத்து மாட்டுகிறேன். விலங்கு எந்தப் பக்கம் இழுத்தாலும் இழுப்பு காலின் நேர்கோட்டில் வரும். தகடு சட்டம் வளையாமலும் காக்கும். அப்புறம் ஸ்விவல்கள், அதாவது சுழலும் இணைப்புகள்: பொறியடியில் ஒன்று, சங்கிலி நடுவில் ஒன்று, சங்கிலியைத் தரையில் பிடித்துவைக்கும் முளையருகே ஒன்று. சேறோ வேரோ சிக்கி ஒன்று நின்றுபோனாலும் மற்றது சுழலும். சுழலாத சங்கிலியில் விலங்கு புரண்டால் திருகுவது கால்தான், மூட்டு பிசகிவிடும். சங்கிலி குட்டையாக இருக்க வேண்டும். நீளமாக இருந்தால் ஓடி வேகம் பிடித்து முடிவில் வெடுக்கென்று நிற்கும். நடுவில் ஓர் இழுப்பு ஸ்பிரிங் போட்டால் அந்த வெடுக்கும் தணியும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை நடுத்தட்டும் கொண்டியும். தாடையின் மேல் படுத்திருக்கும் சின்ன நெம்புதான் கொண்டி. அதன் நுனி தட்டின் காலில் உள்ள பள்ளத்தில் அமர்ந்திருக்கும். புதுப் பொறியில் தட்டை மெதுவாக அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நறநறத்து, எப்போது விடும் என்றே தெரியாது. காலடியில் தரை அசைவது தெரிந்ததுமே நரி காலைத் தூக்கிவிடும். பிடித்தால் விரல் நுனிதான் சிக்கும். அதனால் கொண்டி நுனியை அரத்தால் சதுரமாக்கி, பள்ளத்தின் விளிம்பில் மெல்லிய அரத்தால் இன்னொரு நுண்ணிய படி வெட்டுகிறேன். இரண்டு இழுப்பு, துடைத்து, மாட்டிப் பார்ப்பது, மறுபடி ஓர் இழுப்பு. அதிகம் வெட்டினால் தட்டையே மாற்ற வேண்டும். படி சரியாக அமைந்தால், பொறியை ஏற்றும்போது தட்டு 'க்ளிக்' என்று அந்தப் படியில் வந்து நிற்பது விரலில் உணர முடியும். அதற்குப் பிறகு தட்டு ஊர்ந்து இறங்காது: உரிய எடை வரும்வரை அசையாமல் நிற்கும், வந்ததும் சட்டென்று விழும். கால் முழுதாக ஊன்றிய பின்தான் பொறி மூடும்.

அந்த உரிய எடையைத் தட்டின் திருகாணிதான் தீர்மானிக்கிறது. கயோட்டிக்கு இரண்டு பவுண்டு, அதாவது சுமார் 900 கிராம் வைப்பது வழக்கம். நான் ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, தராசில் 900 கிராம் வரச் செய்து, அதைத் தட்டின் நடுவில் மெல்ல இறக்குவேன். அதில் விழ வேண்டும். பாதி தண்ணீரை ஊற்றிவிட்டு வைத்தால் விழக் கூடாது. அணிலும் பறவையும் எலியும் மேலே நடந்தாலும் பொறி அசையாமலிருக்க இந்தத் திருகாணி ஒன்றே காவல்.

கடைசியாக, பொறியை எண்ணெய் போகக் கொதிக்கவைத்து, மெல்லிய துரு ஏறவிட்டு, மரப்பட்டைச் சாயத்தில் வேகவைத்தால் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கருநிறமாகப் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் மெழுகு. மெழுகுப் பாத்திரத்தை அடுப்பில் விட்டு நகரக் கூடாது, நேரடித் தீயும் கூடாது. முடிந்ததும் கொண்டி நுனியிலும் பள்ளத்திலும் மெழுகைச் சுரண்டி எடுங்கள்; இல்லாவிட்டால் வெட்டிய படி வழுக்கி, பொறி காற்றுக்கே மூடும்.

இதெல்லாம் கைவினைக்காரனின் ஆசை மட்டும்தானா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் மாநில வனவிலங்குத் துறைகள் 1990-களின் பிற்பகுதியிலிருந்து பொறிகளை வகைவகையாகச் சோதித்து வருகின்றன. பிடிபட்ட விலங்குகளின் கால்களைக் கால்நடை மருத்துவர்கள் பரிசோதித்துக் காயத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். குறைந்தது 70 சதவீத விலங்குகளில் காயம் மிதமான அளவைத் தாண்டாதிருந்தால்தான் அந்தப் பொறி தேறும். அகலத் தாடை, இடைவெளி, நடுமையச் சங்கிலி, ஸ்விவல் என்று அந்தச் சோதனைகளிலிருந்து வந்த பரிந்துரைகளில் திரும்பத் திரும்ப வருவது இதே வேலைகள்தான். ஓநாய்க்கு ரேடியோ கழுத்துப்பட்டை மாட்டும் ஆய்வாளர்களும் இப்படித் திருத்திய பொறிகளைத்தான் நம்புகிறார்கள். 1982-இல் தொடங்கி மிசூரியில் ஆற்று நீர்நாய்களைத் திரும்பக் குடியேற்றினார்கள் அல்லவா, அவற்றில் பெரும்பாலானவை லூசியானாவில் கால்பொறியில் பிடிக்கப்பட்டவை. பிடிபட்ட காலோடு நீந்திப்போய்க் குட்டி போட்டுப் பெருகின.

இவ்வளவு செய்த பொறியையும் 24 மணி நேரத்துக்குள் போய்ப் பார்த்தாக வேண்டும். பல மாநிலங்களில் அது சட்டம். நான் விடிந்ததும் போய்விடுவேன். ஒவ்வொரு பிடிப்புக்குப் பிறகும் பொறி மறுபடி மேசைக்கு வரும்: கொண்டி நுனி மழுங்கியிருக்கிறதா, ஸ்விவல் சுழல்கிறதா, தாடையில் கல் பட்டுப் பிசிறு எழும்பியிருக்கிறதா. பஞ்சு டப்பா அரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.