முற்றுப்புள்ளி நடந்தால் செஞ்சிலந்தி

எழுபது தாண்டிய எழுத்தாளர் மொட்டைமாடியில் தோட்டமும் வைத்திருந்தால், பங்குனி பிறந்ததும் அவர் எப்போது எழுதலாம் என்பதை வெண்டையும் பீர்க்கும் முடிவு செய்ய ஆரம்பித்துவிடும். இளவேனில், தென்றல், குயில் எல்லாம் கவிதைக்குச் சரி. சென்னை மாடியில் காலை எட்டரைக்கே தளம் காலைச் சுடும். மே முதல் வாரத்தில் கத்திரி வெயில் வேறு பிறந்துவிடும். அதனால் மாடி வேலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடிந்தாக வேண்டும். வெறும் வயிற்றில் குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றும். இரண்டு பிஸ்கட்டாவது உள்ளே போகட்டும்.

என்ன கொடி வைப்பது என்பதை ருசியை வைத்து முடிவு செய்யக் கூடாது, எழுதும் நேரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். பரங்கிப் பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறினால் வாடிவிடும். பீர்க்கும் சுரையும் சாயங்காலம்தான் பூக்கும். மாடியில் வண்டு, தேனீ குறைவு என்பதால் கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. வெறும் காம்போடு இருப்பது ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் ஒற்றினால் போதும். தவறவிட்டால் பிஞ்சு மூன்று நான்கு நாளில் மஞ்சளாகி உதிரும். காலையில் எழுதுகிறவருக்குப் பீர்க்கு, இரவில் கண்விழித்து எழுதி விடியலில் படுக்கப் போகிறவருக்குப் பரங்கி. இரண்டையும் வைத்தால் கதை நகராது.

வெண்டை இன்னும் கறார். விதைத்து நாற்பத்தைந்து நாள் வாக்கில் காய்க்கத் தொடங்கும். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். ஆசிரியரிடம் தொடருக்கு ஒரு வாரம் தவணை வாங்கலாம், வெண்டையிடம் இரண்டு நாள்கூட வாங்க முடியாது. நுனியை ஒடித்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் அது விதைக்குத்தான். முற்றிய காயைச் செடியிலேயே விட்டால் அடுத்த காய்கள் குறைந்துபோகும்.

எழுத்தாளர் என்பதால் ஒரு வசதி உண்டு: வெள்ளைத்தாள் கைவசம் இருக்கும். வெயில் காலத்தில் கத்தரி, வெண்டை இலையெல்லாம் ஊசியால் குத்தியதுபோல் மஞ்சள் புள்ளி விழுந்து வெளுத்தால், செஞ்சிலந்தி என்கிற பொடிப் பூச்சியாக இருக்கலாம். இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும். வெள்ளெழுத்துக் கண்ணாடிக்குக்கூடச் சரியாகப் பிடிபடாது. ஒரு வெள்ளைத்தாளை இலைக்கு அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழும் புள்ளிகளை அரை நிமிடம் பாருங்கள். அசையாதது தூசி. நடக்கிற முற்றுப்புள்ளி செஞ்சிலந்தி. (பாதி எழுதின தாளில் இந்தச் சோதனை வேண்டாம். எது யாருடைய புள்ளி என்று தெரியாது.) காலை வேளையில் தண்ணீரை வேகமாக இலையின் அடிப்பக்கம் பீய்ச்சி, நாலைந்து நாள் தொடர்ந்து கழுவினால் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்துக்கு 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய். சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்தால்தான் எண்ணெய் தண்ணீரோடு கலக்கும். வெயில் தாழ்ந்த பிறகே தெளிக்க வேண்டும்; மதியம் தெளித்தால் இலை கருகி, பூச்சி செய்யாத சேதத்தை மருந்து செய்துவிடும்.

திரும்பி வந்த கதைகளுக்கும் மாடியில் வேலை இருக்கிறது. ஓட்டை போட்ட டிரம்மில் சமையலறைக் கழிவு ஒரு பங்கு, கிழித்த தாளும் காய்ந்த சருகும் இரண்டு பங்கு, கொஞ்சம் பழைய உரம் அல்லது புளித்த மோர். ஸ்டேப்ளர் பின்னை எடுத்துவிட வேண்டும். வழவழப்பான மேலட்டை மக்காது. கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரணும். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம். இன்னும் ஒரு அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுக் கிளறுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசனை வந்துவிடும்.

முதுகு விஷயத்தில் வீரம் கூடாது. பத்து லிட்டர் வாளி ஒன்றைவிட ஐந்து லிட்டர் பூவாளி இரண்டு, கைக்கு ஒன்றாக. செடி வைக்கும் பையை மண் நிரப்பிவிட்டு நகர்த்தாமல், இருக்க வேண்டிய இடத்தில் வைத்த பிறகு நிரப்புங்கள். செம்மண், மக்கிய உரம், கழுவிய தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு. கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும், நாற்றின் இலை ஓரம் கருகும். குழாயைத் திறந்ததும் செடிக்குக் காட்டாதீர்கள். வெயிலில் கிடந்த ஹோஸில் இருப்பது வெந்நீர். அது முழுக்க வழிந்து போகட்டும்.

இனி நண்பர்கள். ஆறே முக்காலுக்குக் காபிக்கு வருகிறவர் முதலில் "கதை எந்த மட்டும் வந்திருக்கு சார்?" என்று கேட்பார், அடுத்து தக்காளிப் பூ உதிர்வதைப் பார்த்து "யூரியா போடுங்க" என்பார். இரண்டையும் காதில் வாங்க வேண்டாம். இரவிலும் சூடு தணியாத மாதங்களில் தக்காளிப் பூ உதிரத்தான் செய்யும். யூரியா போட்டால் இலைதான் மண்டும். அவர் குடித்த காபியின் சக்கையை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். அதையும் நேரே பைமேல் கொட்டினால் ஆடைபோல் இறுகித் தண்ணீரை உள்ளே விடாது, டிரம்முக்குப் போகட்டும்.

செம்பருத்திக் கிளை கேட்டால் பென்சில் கனத்தில், 6 அங்குலம் வெட்டிக் கொடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே அடிப்பக்கம் சாய்வாக, மேல்பக்கம் நேராக வெட்ட வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குப் போய்த் தலைகீழாக நட்டுவிட்டு, உங்கள் செடி ராசியில்லை என்பார். வேர் விட மூன்று நாலு வாரம் ஆகும்; தினமும் பிடுங்கிப் பார்த்தால் ஆகவே ஆகாது. பதிலுக்கு அவர் நீட்டும் பந்தல் அவரை விதையைச் சித்திரையில் போடாதீர்கள். பகல் நீளும் காலத்தில் அது கொடியாக ஓடுமே தவிரப் பூக்காது. ஆடியில் போட்டால் மார்கழி, தையில் காய்க்கும்.

புத்தக வெளியீட்டுக்கு ஊருக்குப் போகும்போது அதே நண்பரிடம்தான் சாவியைக் கொடுக்க வேண்டியிருக்கும். "தண்ணி ஊத்துங்க" என்று மட்டும் சொன்னால் வேர் அழுகுகிறவரை ஊற்றுவார். விரலை இரண்டாவது கணுவரை மண்ணில் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஒரு பைக்கு 1 லிட்டர் என்று எழுதிக் கதவில் ஒட்டுங்கள். வெண்டையை அவரே பறித்துக்கொள்ளலாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அப்போதுதான் தவறாமல் வருவார்.